பல்லுக்குக் கம்பி போடும் முன் ஒரு தாள் கேட்போம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

ஆண்டுத் தேர்வு முடிந்து கோடை விடுமுறை தொடங்கும் நாள்களில், நாளிதழ்களின் உள்ளூர்ப் பக்கங்களிலும் பேருந்து நிலையச் சுவர்களிலும் பல் சீரமைப்பு விளம்பரங்கள் பெருகிவிடுகின்றன. எக்ஸ்ரே இலவசம், மாதத் தவணையில் கம்பி, வெளியே தெரியாத அலைனர் (கழற்றி மாட்டக்கூடிய, ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் உறை) என்று அவை அழைக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு என்னிடம் யோசனை கேட்க வரும் பெற்றோர், எந்த மருத்துவமனை நல்லது, தவணை எவ்வளவு என்றுதான் விசாரிக்கிறார்களே தவிர, தம் பிள்ளைக்குக் கம்பி தேவைதானா என்று கேட்பவர்கள் மிகச் சிலர். நான் பல் மருத்துவர் அல்லேன். தருமபுரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் உயிரியல் கற்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. பிள்ளைகளின் வாயைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தியவள் என்ற முறையிலும், பேத்தியின் பொருட்டு இதைப் பற்றித் தேடிப் படித்தவள் என்ற முறையிலும் சிலவற்றைத் தங்கள் வாசகர்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றுதான். கம்பிக்கு முன்பணம் வாங்குவதற்கு முன், இந்தப் பிள்ளையின் பல்வரிசையில் உள்ள குறை என்ன, அது எத்தனை மில்லிமீட்டர், அதை அப்படியே விட்டுவிட்டால் என்ன நேரக்கூடும், சரிசெய்தால் கிடைப்பது உடல்நலமா தோற்றமா என்பதை மருத்துவர் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். அந்தத் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து நிதானமாகப் படித்த பிறகே குடும்பம் முடிவெடுக்க வேண்டும்.

கோணலான பல் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. கீழ்முன்பற்கள் இரண்டு சற்றே திரும்பி நிற்பதும், மேல்முன்பற்கள் உதட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதும் பார்ப்பவர் கண்ணுக்குக் குறை என்ற ஒரே கணக்கில் விழுகின்றன. ஆனால் முதலாவது பெரும்பாலும் ஒரு தீங்கும் செய்யாமல் வாழ்நாள் முழுவதும் இருந்துவிடும், இரண்டாவது பிள்ளை ஓடி விளையாடும் வயதில் ஆபத்தாகவே நிற்கும். மேல்முன்பற்கள் கீழ்ப்பற்களைவிட இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் முன்னால் இருப்பது இயல்பு. அதற்கு மேல் நீண்டிருந்தால் அடிபட்டு உடையும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கூறுகிறார்கள். நான் பணியாற்றிய ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் கபடி ஆடும்போது குப்புற விழுந்து எழுந்து வந்தான்; உதட்டில் ஒரு கீறல்கூட இல்லை, ஆனால் மேல்முன்பல் சாய்வாகப் பாதி ஒடிந்து, நடுவில் கடுகளவு சிவப்புப் புள்ளி தெரிந்தது. அது பல்லின் உயிர்ச்சதை. காற்றுப் பட்டாலே கூசுகிறது என்று கையால் வாயை மூடிக்கொண்டு நின்றான். வகுப்பில் அவனைவிடக் கோணலான பல்வரிசை உடைய பிள்ளைகள் பலர் இருந்தார்கள். அவர்களுக்கு எதுவும் ஆகவில்லை. அவர்களுடைய பற்கள் உதட்டின் காவலுக்குள் இருந்தன.

இன்னும் சில நிலைகளையும் விட்டுவைக்கக் கூடாது. மேல்வரிசைப் பற்கள் கீழ்வரிசைக்கு உள்ளே போய்க் கடிப்பதும், அதனால் வாயை மூடும்போது தாடை ஒரு பக்கமாக நகர்வதும், வளரும் முகத்தைக் கோணலாக்கிவிடக்கூடும். கீழ்ப்பற்கள் மேலண்ணத்தில் குத்திப் புண்ணாக்குவது இன்னொன்று. மேல்கோரைப்பல் வெளிவராமல் எலும்புக்குள் புதைந்து, பக்கத்துப் பல்லின் வேரை அரிப்பது மூன்றாவது. கோரைப்பல் இப்படிப் புதைவது ஏறக்குறைய நூற்றில் இருவருக்கு நேர்வதாகச் சொல்கிறார்கள், வெளியே எதுவும் தெரியாது என்பதால் பெற்றோர் இதை அறிவதே இல்லை. பிளவுற்ற அண்ணத்தோடு பிறந்த குழந்தைகளுக்குப் பல் சீரமைப்பு அவர்களுடைய மருத்துவத்தின் ஒரு பகுதியாகவே அமைகிறது. இத்தகைய பிள்ளைகளின் குடும்பங்கள் பணமில்லாமல் ஒதுங்கி நிற்க, நூலளவு திரும்பிய பல்லுக்காக வசதியுள்ளவர்கள் வரிசையில் நிற்பதுதான் எனக்கு வருத்தமளிக்கிறது.

பிரிட்டனில் இதற்கு ஒரு படிநிலை வைத்திருக்கிறார்கள். 1989-இல் வகுக்கப்பட்ட அந்த அளவுகோல், பல்வரிசையின் குறைகளை ஒன்று முதல் ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. முன்பற்கள் 6 மில்லிமீட்டருக்கு மேல் நீண்டிருந்தால் நான்காம் படி. 9 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஐந்தாம் படி. அடுத்தடுத்த பற்கள் ஒன்றையொன்று தொட வேண்டிய இடங்கள் விலகி நிற்கும் தூரம் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை என்றால் இரண்டாம் படி. நான்கைத் தாண்டினால்தான் நான்காம் படி. அந்நாட்டு அரசு மருத்துவ சேவை, பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு நான்காம் ஐந்தாம் படிகளில் இலவசமாகச் சிகிச்சை அளிக்கிறது; மூன்றாம் படியில், அழகானதிலிருந்து கோணலானதை நோக்கி வரிசைப்படுத்திய பத்து நிழற்படங்களைக் கொண்ட தோற்ற அளவுகோலில் ஆறாவது படமும் அதற்கு மேலும் வருபவர்களை மட்டும் ஏற்கிறது. மற்றவர்கள் விரும்பினால் சொந்தச் செலவில் செய்துகொள்ளலாம். அந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே கொண்டுவர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஆனால் படி எது என்று சொல்வதற்கு ஒரு சிறிய இரும்பு ஸ்கேலும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும். அதை எழுதித் தருவதில் எந்த மருத்துவருக்கும் நட்டமில்லை.

என் பேத்தியின் செய்தியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் படிக்கும்போது அவளுடைய கீழ்முன்பற்கள் சற்று நெருங்கி நின்றன. முதலில் சென்ற மருத்துவமனையில், வாயைத் திறந்து பார்த்த சில நிமிடங்களிலேயே நான்கு பற்களை எடுத்துவிட்டுக் கம்பி போட வேண்டும் என்றும், அந்த மாதத்திற்குள் பணம் கட்டினால் சலுகை உண்டு என்றும் சொன்னார்கள். அச்சும் எக்ஸ்ரேயும் எடுக்காமல் எண்ணிக்கை எப்படித் தெரிந்தது என்று நான் கேட்டபோது வரவேற்பறைப் பெண் சிரித்தாளே தவிர விடை கிடைக்கவில்லை. பின்னர் சென்னையில் ஒரு பேராசிரியரிடம் காட்டினோம். அவர் மேல்தாடைக்கும் கீழ்த்தாடைக்கும் அச்செடுத்து, அடுத்த முறை சென்றபோது அந்த வெள்ளை பிளாஸ்டர் அச்சுகளைக் கடித்த நிலையில் மேசைமேல் பொருத்தி வைத்து, ஸ்கேலை வைத்து அளந்து, பேத்தியையே எண்ணைப் படிக்கச் சொன்னார். இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. கடைவாய்ப்பற்கள் சரியாகப் பொருந்துகின்றன, முன்பற்கள் நீட்டவில்லை, ஈறு நலமாக உள்ளது, இதைச் சரிசெய்வதும் விடுவதும் உன் விருப்பம், அவசரம் ஒன்றுமில்லை என்று அவளைப் பார்த்துச் சொன்னார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. அவள் இப்போதைக்கு வேண்டாம் என்றாள். கல்லூரிக்குப் போன பிறகு மனம் மாறினால் அப்போது செய்துகொள்ளட்டும். ஈறும் எலும்பும் நலமாக இருந்தால் எந்த வயதிலும் பல் நகரும்.

தேவை என்று சொல்வதற்கு மருத்துவமனைகள் எடுத்துரைக்கும் காரணங்களையும் சற்றுச் சோதித்துப் பார்க்கலாம். பல் கோணலாக இருந்தால் சொத்தை வரும் என்பது அடிக்கடி சொல்லப்படுவது. நெருக்கமான பற்களைத் துலக்குவது கடினம் என்பது உண்மை. ஆனால் சொத்தைக்கு முதற்காரணம் சர்க்கரையும் துலக்காமையுமே ஆகும், ஒழுங்காகத் துலக்குபவரின் கோணல் பல் பல ஆண்டுகள் நலமாக இருக்கும். அறிவுப்பல் முளைத்து முன்பற்களைத் தள்ளிக் கோணலாக்கும் என்ற நம்பிக்கைக்கும் போதிய ஆதாரமில்லை. தன்னம்பிக்கையைப் பற்றிய பேச்சுதான் இவை எல்லாவற்றிலும் வலுவாக ஒலிப்பது. வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் நகரில் 1981-இல் பதினொன்று, பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து, அவர்களில் 337 பேரை இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் கண்டு விசாரித்தார்கள். கம்பி போட்டுக்கொண்டவர்களின் பல்வரிசை நன்றாக இருந்தது, தங்கள் பற்களைப் பற்றி அவர்கள் நிறைவோடும் இருந்தார்கள். ஆனால் தன்மதிப்பில், மனநலத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. தேவை இருந்தும் போடாமல் விட்டவர்கள் அதனால் மனம் ஒடிந்துபோனதாகவும் தெரியவில்லை.

இதைக் கொண்டு, அழகுக்காகப் பல்லைச் சீரமைப்பது வீண் என்று நான் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். வகுப்பில் எழுந்து நின்று செய்யுள் ஒப்பிக்கும்போது புத்தகத்தால் வாயை மறைத்துக்கொள்ளும் பெண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். 'எத்துப்பல்' என்று பட்டப்பெயர் வைத்து வருடக்கணக்கில் அழைப்பது எப்படிப்பட்ட கொடுமை என்பதும் எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை தானே கண்ணாடியைப் பார்த்து, எனக்கு இது வேண்டும் என்று கேட்டால் அது தகுந்த காரணமே. எனக்குள்ள மறுப்பு, தோற்றத்திற்கான சிகிச்சையை நோய்க்கான சிகிச்சைபோலச் சொல்லி அச்சுறுத்தி விற்பதைப் பற்றியது மட்டுமே. நம் ஊரில் தெத்துப்பல் சிரிப்பை அழகென்று கொண்டாடியவர்கள் உண்டு. அதே தெத்துப்பல்லைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காக அவசரமாகத் திருத்தச் சொல்பவர்களும் நாமே. திருமண நாளைக் குறித்துவிட்டுக் கம்பி போட வருபவர்களைப் பற்றி மருத்துவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பல் நகரும் வேகம் முகூர்த்தத்தைப் பார்ப்பதில்லை.

அந்த வேகத்திற்குக் காரணம் உண்டு. பல் எலும்பில் ஆணிபோல அறையப்பட்டிருப்பதில்லை. வேருக்கும் எலும்புக்கும் நடுவே மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு பருமனுள்ள நார்த்திசு இருக்கிறது. கம்பி மெல்ல அழுத்தும்போது, அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் செல்களும், இழுபடும் பக்கத்தில் எலும்பைக் கட்டும் செல்களும் வேலையைத் தொடங்குகின்றன. மாதத்திற்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் என்பது அதன் நடை. விசையைக் கூட்டினால் வேகம் கூடாது; வலிதான் கூடும், வேருக்கும் கேடு. ஆகவேதான் முழுச் சிகிச்சைக்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகளும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகின்றன.

அந்த இரண்டு ஆண்டுகளை எண்ணிப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும். கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு பிடிகளான பிராக்கெட்டுகளைச் சுற்றி உணவுத் துகள் தங்கும். சரியாகத் துலக்காத பிள்ளைக்கு ஒரு மாதத்திற்குள்ளேயே எனாமலில் சுண்ணாம்புப் பொட்டுபோல வெண்புள்ளிகள் தோன்றக்கூடும், கம்பியை எடுத்த பிறகு நேரான பற்களில் அந்தப் புள்ளிகள் நிலைத்துவிடும். வேரின் நுனி சிறிதளவு தேய்வது பெரும்பாலோருக்கு நேர்வது, அதனால் தொல்லை இல்லை. நூற்றில் சிலருக்கு மட்டும் அது கடுமையாகி வேர் குட்டையாகிவிடுகிறது. முறுக்கு, சீடை, கடலைமிட்டாய், பொங்கல் கரும்பு ஆகியவற்றுக்கு விடை கொடுக்க வேண்டும்; ஒவ்வொரு முறை பிராக்கெட் பெயரும்போதும் சிகிச்சை நீளும். பல் துலக்கச் சொல்லி நாள்தோறும் சண்டை நடக்கும் வீட்டில், பிள்ளை ஒழுங்காகத் துலக்கும் வரை கம்பியைத் தள்ளிப்போடுவதே அறிவுடைமை. பெரியவர்களுக்கு ஈறு நோய் இருந்தால் அதைத் தீர்த்த பிறகே தொடங்க வேண்டும். இல்லாவிட்டால் நகர்த்தப்படும் பல் ஆட்டம் கண்டு விழவும் கூடும்.

பல் எடுப்பது பற்றிய அச்சத்தையும் சொல்லியாக வேண்டும். நல்ல பல்லை ஏன் பிடுங்க வேண்டும் என்று தாத்தா பாட்டிகள் கேட்பது நியாயமான கேள்வி. இத்துறையின் தந்தை எனப்படும் அமெரிக்கர் எட்வர்ட் ஆங்கிள், முப்பத்திரண்டு பற்களையும் காப்பாற்றியே தீர வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றவர். அவரிடம் பயின்ற சார்ல்ஸ் ட்வீட், அவ்வாறு முடித்த பற்கள் மீண்டும் முன்தள்ளி நிற்கக் கண்டு, முன்கடைவாய்ப்பற்களை எடுத்துவிட்டு அதே நோயாளிகளுக்கு மறுபடி சிகிச்சை செய்து காட்டினார். இடமின்மை மிகுதியாக இருந்தாலோ, முன்பற்களைப் பின்னால் இழுக்க வேண்டியிருந்தாலோ பல் எடுப்பது தகுந்ததே. ஆனால் எத்தனை மில்லிமீட்டர் இடம் குறைகிறது என்ற கணக்கைக் காட்டாமல் எடுக்கச் சொன்னால் மறுக்கலாம். எக்ஸ்ரேயையும் அச்சையும் கேட்டு வாங்கிக்கொண்டு இன்னொரு நிபுணரிடம் காட்டுவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வயதைப் பற்றி இரு தரப்பிலும் தவறான எண்ணம் இருக்கிறது. எல்லாப் பால்பற்களும் விழட்டும் என்று காத்திருப்பவர்கள் ஒருபுறம், எட்டு வயதிலேயே கம்பி கேட்பவர்கள் மறுபுறம். அமெரிக்கப் பல் சீரமைப்பு நிபுணர்கள் சங்கம் ஏழு வயதில் ஒருமுறை பார்த்துவிடச் சொல்கிறது. சொல்வது பார்ப்பதற்கே, போடுவதற்கு அன்று. எட்டு முதல் பதினொரு வயது வரை மேல்முன்பற்களுக்கு நடுவே தெரியும் சந்து, கோரைப்பல் இறங்கும்போது பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அந்தச் சந்துக்குக் கம்பி போடுகிறேன் என்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பத்து வயதில் மேலுதட்டின் உள்ளே ஈற்றின் மேல் விரலை வைத்துத் தடவினால் கோரைப்பல்லின் புடைப்பு இரு பக்கமும் தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் தட்டுப்படாவிட்டால் உடனே எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது நல்லது. பத்து முதல் பதின்மூன்று வயதுக்குள், அண்ணத்துப் பக்கமாக வழி தவறிய கோரைப்பல் முளைக்க வேண்டிய இடத்திலுள்ள பால்பல்லை எடுத்துவிட்டாலே பெரும்பாலானவை தானாக வழிக்கு வந்துவிட்டதை ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று 1988-இல் காட்டியது. கம்பியும் அறுவையும் பல ஆயிரங்களும் தேவைப்படக்கூடிய ஒரு தொல்லை, ஒரு பால்பல்லை எடுப்பதோடு முடிந்துவிடும்.

முன்நீட்டிய பற்களைச் சிறுவயதிலேயே ஒரு கட்டமும் பதின்வயதில் மறு கட்டமுமாகச் சரிசெய்வதா, பதின்வயதில் ஒரே கட்டமாக முடிப்பதா என்பதைக் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2013-இல் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தது. முன்கூட்டித் தொடங்குவதால் பல் உடைவது குறைகிறது. அதைத் தவிர வேறு கூடுதல் நன்மை இல்லை என்பதே முடிவு. ஆகவே விழுந்து எழுந்து ஆடும் பிள்ளைக்கு முன்கூட்டித் தொடங்கலாம், மற்றவர்களுக்கு இரண்டு கட்டச் செலவு ஏன் என்று கேட்கலாம். கீழ்த்தாடை பின்தங்கியிருந்து அதன் வளர்ச்சியைத் துணைக்கழைக்க வேண்டும் என்றால் மட்டும், உயரம் வேகமாகக் கூடும் பருவத்தைத் தவறவிடக் கூடாது. பெண்பிள்ளைகளுக்கு அது முன்னதாகவே வந்துவிடும். வளர்ச்சி நின்ற பிறகு தாடையின் குறையை முழுமையாக மாற்ற அறுவைதான் வழி.

இனி, விளம்பரங்களில் ஒரு வரிகூட இடம்பெறாததும், முடிவெடுப்பதில் என் கணக்கில் முதன்மையானதுமான செய்தி: கம்பியைக் கழற்றிய பின் பல்லை அதே இடத்தில் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர். கம்பியைக் கழற்றும் நாளில் பல் இருக்கும் இடத்தில் அது தானாக நின்றுவிடாது. ஈற்றிலுள்ள நார்கள் பழைய இடத்துக்கு இழுக்கும். கம்பியே போடாதவர்களுக்கும் வயது ஏற ஏறக் கீழ்முன்பற்கள் நெருங்குவது இயற்கை. சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், பல் எடுத்துக் கம்பி போட்டு, ரிட்டெய்னரையும் விட்டுப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆனவர்களை மீண்டும் அழைத்துப் பார்த்தபோது, ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கீழ்முன்பற்கள் நிறைவளிக்காத நிலைக்குத் திரும்பியிருந்தன. ஆகவே இரவில் அணியும் ரிட்டெய்னரையோ, பல்லின் உட்புறத்தில் ஒட்டிய மெல்லிய கம்பியையோ, அந்த நேர்வரிசை வேண்டும் என்று நினைக்கும் காலம் வரை வைத்துக்கொள்ள வேண்டும். நடைமுறையில் அது பல பத்தாண்டுகள். விடுதி மேசையில் காகிதத்தில் மடித்து வைத்து, சாப்பிட்ட இலையோடு குப்பைக்குப் போன ரிட்டெய்னர்களின் கதை எல்லாப் பல் மருத்துவர்களிடமும் உண்டு. புதிதாகச் செய்ய யார் பணம் தருவது, எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றுவது, வேறு ஊருக்குப் போனால் யார் பார்ப்பது என்ற கேள்விகளுக்கு விடை தொடக்கத் தாளிலேயே இருக்க வேண்டும். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்று நான் சொல்வதும் இதனால்தான். பணம் கட்டுவது பெற்றோர். முப்பது வயதிலும் இரவில் அதை நினைவோடு அணியப் போவது அந்தப் பிள்ளை.

யார் செய்கிறார் என்பதையும் பார்க்க வேண்டும். பல் மருத்துவப் பட்டமான பி.டி.எஸ். முடித்த எவரும் கம்பி போடச் சட்டம் தடுக்கவில்லை. பல் சீரமைப்பில் மூன்றாண்டு மேற்படிப்பான எம்.டி.எஸ். படித்தவரே அதன் நிபுணர். எங்களைப் போன்ற சிற்றூர்களில் அந்த நிபுணர் பக்கத்துப் பெரிய நகரத்திலிருந்து மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து போவார். அதில் பிழையில்லை, ஆனால் இடையில் கம்பி குத்தினால் யாரைக் காண்பது, அவர் வருவதை நிறுத்திவிட்டால் மீதிச் சிகிச்சை யார் பொறுப்பு என்பது தெரிந்திருக்க வேண்டும். அரசுப் பல் மருத்துவக் கல்லூரிகளில் செலவு மிகக் குறைவு. ஆனால் தருமபுரியிலிருந்து சென்னை ஏறத்தாழ முந்நூறு கிலோமீட்டர். நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை, இரண்டு ஆண்டுகளுக்கு, பிள்ளையின் பள்ளியையும் தந்தையின் கூலியையும் விட்டு அந்தப் பயணத்தை நடத்த முடியுமா என்பதும் சிகிச்சைச் செலவின் பகுதியே. பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் இதற்கு உதவுவதில்லை.

வீட்டிலிருந்தே அச்செடுத்து அனுப்பினால் அஞ்சலில் அலைனர் வரும் என்ற ஏற்பாட்டை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். எக்ஸ்ரே இல்லாமல், ஈற்றைப் பார்க்காமல் பல்லை நகர்த்துவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதாகும். அமெரிக்காவில் இம்முறையில் பெரிய அளவில் வணிகம் செய்த ஸ்மைல் டைரக்ட் கிளப் நிறுவனம் 2023 டிசம்பரில் மூடப்பட்டபோது, சிகிச்சையின் நடுவில் இருந்தவர்கள் கேட்பாரற்று விடப்பட்டார்கள். மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் தரப்படும் அலைனர் வேறு. எளிய, நடுத்தரக் கோணல்களுக்கு அது பயன்படும், ஆனால் நாளுக்கு இருபது மணி நேரத்துக்கு மேல் அணியும் கட்டுப்பாடு வேண்டும், விலையும் பெரும்பாலும் கம்பியைவிட அதிகம்.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒன்றையும் இங்கே குறிப்பிட வேண்டும். நிலத்தடி நீரின் ஃபுளூரைடு காரணமாகப் பல்லில் பழுப்புக் கறை படிந்த பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, கம்பி போட்டால் சரியாகிவிடுமா என்று கேட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். கம்பி பல்லை நகர்த்தும். கறையை ஒன்றும் செய்யாது. மேலும் அத்தகைய எனாமலில் பிராக்கெட் சரியாக ஒட்டாமல் பெயர்வதும் அதிகம். இதைச் சொல்லாமல் பணம் வாங்குவது ஏமாற்று என்றே கருதுகிறேன். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வீட்டுக்கு வந்த பிறகு பிறந்த பிள்ளைகளின் பற்களில் அந்தக் கறை குறைந்திருப்பதை வகுப்பறையிலேயே கண்டேன் என்பது வேறு மகிழ்ச்சி.

ஆசிரியர் அவர்களே, தங்களிடம் ஒரு வேண்டுகோளும் அரசிடம் ஒரு வேண்டுகோளும் உண்டு. பல் சீரமைப்பு விளம்பரங்களை வெளியிடும்போது, ரிட்டெய்னர் செலவும் சிகிச்சைக் காலமும் குறிப்பிடப்படாதவற்றைத் திருத்தி அனுப்புமாறு விளம்பரதாரர்களைத் தாங்கள் கேட்கலாம். 2013 முதல் நடைமுறையில் உள்ள ஆர்.பி.எஸ்.கே. என்னும் அரசின் குழந்தைகள் நலப் பரிசோதனைத் திட்டத்தின் மருத்துவக் குழு அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வருகிறது. கண், காது, தோல், சொத்தைப்பல் எல்லாம் பார்த்துப் படிவத்தில் குறித்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் படிவத்தில் இன்னும் இரண்டு வரிகளைச் சேர்க்க வேண்டும்: மேல்முன்பற்கள் எத்தனை மில்லிமீட்டர் முன்னால் நிற்கின்றன என்பது ஒன்று, பத்து வயதுப் பிள்ளைக்குக் கோரைப்பல்லின் புடைப்பு இரு பக்கமும் விரலுக்குத் தட்டுப்படுகிறதா என்பது மற்றொன்று. குறிப்பிட்ட அளவைத் தாண்டிய பிள்ளைகளுக்கு அரசுப் பல் மருத்துவக் கல்லூரியில் முன்னுரிமையும், போய்வர இலவசப் பேருந்துச் சீட்டும் சுகாதாரத் துறை வழங்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை,
தருமபுரி.